ஹிரோசே ஆற்றங்கரையில் என் சட்டி

11 வருடம் கழித்து, 2023 அக்டோபரில் மறுபடியும் ஜப்பானின் செண்டாய் நகரத்துக்குப் போனேன். டோக்கியோவில் ஹயபுசா ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான். ஸ்டேஷனில் என் லேப் சென்பாய் காத்திருந்தார். சென்பாய் என்றால் சீனியர். தலை நன்றாக நரைத்துவிட்டது. வழக்கம்போல இருவரும் குனிந்து வணக்கம் சொன்னோம். அது எனக்குப் போதவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். "ஞாயிற்றுக்கிழமை இமோனி. மழை இல்லை, பார்த்துவிட்டேன்" என்றார்.

இமோனி என்பது இலையுதிர்காலத்தில் ஆற்றங்கரையில் விறகு மூட்டிச் சமைக்கும் சேப்பங்கிழங்குக் குழம்பு. நம்ம ஊர் கூட்டாஞ்சோறு மாதிரி. சீசன் வந்தால் அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே விறகுக் கட்டு விற்பார்கள், பெரிய சட்டியும் இரவல் தருவார்கள். செண்டாயில் பன்றிக்கறியும் மிசோ என்ற புளித்த சோயா விழுதும். சென்பாயின் சொந்த ஊரான பக்கத்து யமகதாவில் மாட்டுக்கறியும் சோயா சாஸும். எது உண்மையான இமோனி என்று இரண்டு ஊர்க்காரர்களும் ஓயாமல் சண்டை போடுவார்கள். யமகதாவில் செப்டம்பர் திருவிழாவுக்கு ஆறு மீட்டருக்கும் அகலமான சட்டி வைத்து, பொக்லைனால் அள்ளிப் பரிமாறுகிறார்கள்!

நான் சைவம். 2008-இல் செண்டாயின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வருடமே சென்பாய் எனக்கென்று ஒரு சின்ன அலுமினியச் சட்டி கொண்டுவந்தார். வழக்கமான மீன் சாறு கூடாது என்று கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்துத் தனியாகச் சாறு எடுத்திருந்தார். அதை நான் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை காலை செண்டாயின் கடலோரப் பகுதியான அராஹாமாவுக்குப் போனோம். நான் இருந்தபோது இல்லாத தோசாய் மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து பஸ். 2011 மார்ச் 11 சுனாமியின்போது அங்கிருந்த தொடக்கப்பள்ளியின் மாடியில் ஏறி 320 பேர் பிழைத்தார்கள். இரண்டாவது தளம் வரை தண்ணீர் வந்தது. பள்ளியை இடிக்காமல், 2017 முதல் மக்கள் பார்க்கத் திறந்துவைத்திருக்கிறார்கள். சுற்றிலும் ஒரு வீடு கிடையாது, குடியிருக்க அனுமதியும் இல்லை. மொட்டைமாடியில் நின்றால் கடல் நன்றாகத் தெரிகிறது. நாங்கள் அதிகம் பேசவில்லை.

சுனாமி வந்த அன்று மலைப்பக்கம் இருந்ததால் நாங்கள் தப்பினோம். மாலையில் பனி கொட்டியது. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. கேஸ் வர ஒரு மாதம் ஆனது. முந்தைய இமோனியில் மிஞ்சிய விறகைச் சென்பாய் கார் நிறுத்துமிடத்தில் மூட்டினார். என் சின்னச் சட்டியில்தான் முதலில் சோறு பொங்கியது. முதல் கிண்ணம் அவர் மனைவிக்கு, அப்போது ஆறு மாதக் கர்ப்பம்.

அந்தக் குழந்தைக்கு இப்போது 12 வயது. ஞாயிற்றுக்கிழமை ஹிரோசே ஆற்றின் உஷிகோஏ பாலத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு சீவினாள். நாம் வேகவைத்துத் தோலுரிப்போம், அவர்கள் பச்சையாகவே சீவுகிறார்கள். கை அரிக்கும். வழவழப்புப் போக உப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். கொன்யாக்கு என்ற கிழங்கு ஜெல்லிக் கட்டியைக் கத்தியால் வெட்டக் கூடாது, பிய்த்துப் போட்டால்தான் சாறு உள்ளே இறங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் அப்பா 15 வருடத்துக்கு முன் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள்.

காரிலிருந்து சென்பாய் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால், என் சட்டி! கைப்பிடியில் பழைய நெளிவு அப்படியே இருந்தது. "நீ வராத வருடங்களிலும் ஆற்றுக்குக் கொண்டுவருவோம், கொம்புச் சாறு காய்ச்ச" என்றார் அவர் மனைவி. எனக்குப் பேச்சு வரவில்லை. புகை கண்ணில் பட்டது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அம்மா அரைத்த சாம்பார்ப் பொடி கொண்டுபோயிருந்தேன். மிசோ கரைத்த பிறகு இரண்டு கரண்டி போட்டேன். சேப்பங்கிழங்குக்குச் சாம்பார்ப் பொடி ஒத்துப்போகாமல் இருக்குமா? சிறுமி பெரிய சட்டியை விட்டுவிட்டு என் சட்டியில் மூன்று முறை வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது மீதிப் பொடியை ஒரு கண்ணாடி பாட்டிலில் கொட்டி, மூடியில் ஜப்பானியக் கதகானா எழுத்தில் "சாம்பார், இமோனிக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டினாள்.