ஆயிரம் ரூபாய் கட்டணம், ஆறு மாதக் கெடு

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வாதாடும் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தபோது முதலில் மனப்பாடம் செய்தது, அதை அமைத்த 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவைத்தான். பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள், அவ்வளவுதான். அந்த ‘முதன்முதலில்’ எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்பும் என்பது ஈரோடு பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தபோதுதான் உறைத்தது.

ராத்திரி பஸ் பிடித்து வந்தவர், தீர்ப்பாயம் இயங்கும் சென்னை சேப்பாக்கம் கலச மகால் வாசலில் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். மஞ்சப்பையில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர், வெயிலில் பிடித்தால் டீத்தண்ணி நிறம்.

“எப்பங்கய்யா இப்படி ஆச்சு?”

“ரெண்டு வருசம் ஆச்சுங்க தம்பி. கலெக்டர் ஆபீஸ்ல எட்டு தடவ மனு குடுத்தனுங்க.”

எட்டுக்கும் ரசீது வைத்திருந்தார். அவர் முறையாக மனுக் கொடுத்துக் கொடுத்துக் காத்திருந்த காலத்திலேயே கெடு ஓடி முடிந்துவிட்டது, இதை எந்த முகத்தோடு சொல்வது? சீனியர்தான் 15ஆம் பிரிவைக் காட்டினார். கெட்டுப்போன சூழலைச் சீரமைக்கக் கேட்டால் ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு, இழப்பீடு கேட்காவிட்டால் கட்டணம் 1,000 ரூபாய்தான். சரி, அந்த வழியில் போட்டோம்.

தீர்ப்பாயம் இருப்பதால் உயர் நீதிமன்றக் கதவு மூடிவிடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. மத்தியப் பிரதேச வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கு அது, அரசியலமைப்பின் 226, 227ஆம் பிரிவுகள் உயர் நீதிமன்றத்துக்குத் தரும் அதிகாரங்கள் அப்படியே இருக்கின்றன என்றது தீர்ப்பு. ஆனால் மாநிலத்துக்கு ஒரு தீர்ப்பாய அமர்வு தேவையில்லை என்றும் அதிலேயே இருக்கிறது, அதை என்னால் ஏற்க முடியவில்லை. லட்சத்தீவுக்காரருக்கும் சென்னைதான். கர்நாடகா, கேரளா, ஆந்திரா, தெலங்கானா எல்லாவற்றுக்கும் இந்த ஒரே இடம்தான், 2018இல் உறுப்பினர்கள் இல்லாமல் இதுவும் முடங்கிக் கிடந்தது. காணொலி விசாரணை வக்கீல்களுக்கு வசதி. அந்தப் பெரியவருக்கு?

மனுவை ஆங்கிலத்தில் டைப் செய்து, அப்புறம் பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “நான் குடுத்த எட்டும் இதுல இருக்குதுங்களா?” என்றார். பின்னிணைப்பைப் புரட்டிக் காட்டினேன். ஒவ்வொரு நகலிலும் தன் கையெழுத்து இருக்கிற இடத்தில் விரலை வைத்து வைத்து, எட்டு வரை எண்ணினார்.