கரையில் ட்ரோன் ஏற்றும்போது கை நடுங்காதிருக்க: எட்டுக் கிழமைப் பயிற்சிக் குறிப்பு

ஆளில்லாத வயலில் எட்டுப் போட்டு வளைக்கிற கை, கரையில் பத்துப் பேர் நின்று பார்த்தால் ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே தயங்கும். இந்தத் தயக்கத்துக்குள் இரண்டு நடுக்கம் இருக்கிறது. கை பழகாததால் வருவது ஒன்று. கேட்கிற கேள்விக்குப் பதில் ஆயத்தமாக இல்லாததால் வருவது மற்றது. இரண்டையும் பிரிக்காமல், போகப் போகப் பழகிவிடும் என்று நேரே கூட்டத்துக்குள் போனால் இரண்டும் சேர்ந்தே வளரும். அதனால் எட்டுக் கிழமையையும் பிரித்தே போட்டது: முதல் மூன்று கிழமை கைக்கு, மிச்சம் ஆட்களுக்கு.

கருவி டிஜேஐ மினி 2. எடை 249 கிராம், பற்றரி மூன்று. காற்றில்லாத நேரத்துக்குச் சொல்லப்படும் 31 நிமிடத்தைக் கடற்கரையில் நம்ப வேண்டாம். 20 நிமிடம் என்று கணக்கு வைத்தால் போதும். இதற்குக் கீழ்ப்பக்க உணரிகள் மட்டும்தான் உண்டு. முன்னால் தென்னை நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது.

ஏற்றுவதற்கு முதல்: கோப்பு

இலங்கைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பதிவு, பாதுகாப்பு அமைச்சின் அனுமதி, அடையாள அட்டைப் பிரதி ஆகிய மூன்றும் ஒரு கண்ணாடிக் கோப்பில் இருக்க வேண்டும். போனுக்குள் இருக்கிறது என்பது உதவாது, ஏனென்றால் ட்ரோன் மேலே நிற்கும்போது போன் திரையாக வேலை செய்துகொண்டிருக்கும். சின்ன ட்ரோனுக்கு ஒன்றும் தேவையில்லை என்ற வாய்ப்பேச்சை நம்பாமல், நமது மொடலின் பெயரைச் சொல்லி அதிகார சபையிடமே கேட்டுக்கொள்வது நல்லது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் பறப்பு நிறுத்தப்பட்டிருந்தது. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் அன்று நடந்த குண்டுவெடிப்பை மறக்காத ஊர் இது. இங்கே கடதாசி இல்லாமல் ஏற்றுகிறவனுக்கு நடுக்கம் வராவிட்டால்தான் பிழை.

இடத் தெரிவும் இதோடு சேர்ந்தது. மட்டக்களப்பு விமான நிலையம் திமிலதீவில் இருக்கிறது. அதனால் வவுணதீவுப் பக்கத்து வயல்கள் எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் வேண்டாம். கல்லடிக் கரையையும் இதே காரணத்துக்காக விட்டாயிற்று. அம்பாறையில் இருப்பவர்கள் உகண விமானப்படைத் தளத்தை இப்படியே எண்ணிக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு எடுத்தது கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு வயல், பிறகு களுவாஞ்சிக்குடிக் கடற்கரை. வயற்காரரிடம் முதல் நாளே கேட்டாயிற்று.

1ஆம் கிழமை: வீட்டு விறாந்தை, பறப்பே இல்லை

ஆட்களின் கண் கூர்மையாக விழுவது ட்ரோன் பறக்கும்போது அல்ல. பையைத் திறந்து முதல் ஐந்து நிமிடம் நாம் தடுமாறும்போதுதான். அந்தத் தடுமாற்றத்தை வீட்டிலேயே தீர்த்துவிடலாம். பையைத் திறப்பது முதல் புறப்படத் தயாராகும் வரை, மோட்டரை இயக்காமல், ஒரு நாளைக்கு ஐந்து தடவை. தொடக்கத்தில் பத்து நிமிடம் எடுத்தது. கிழமை முடிய நாலு நிமிடத்துக்குள் வந்தது.

ஒழுங்கு இதுதான்: தரைவிரிப்பு, ட்ரோன், கமெரா மூடியைக் கழற்றுதல், முன்கைகள், பின்கைகள், விசிறிகளில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தல், பற்றரி, எஸ்டி அட்டை, போன் கேபிள், ரிமோட்டை இயக்குதல், கடைசியாக ட்ரோனை இயக்குதல். மூடியோடு இயக்கினால் கமெராவைத் தாங்கும் மோட்டர் இறுகிப் பிழைச் செய்தி வரும், அணைத்து மறுபடி தொடங்க வேண்டும். எஸ்டி அட்டை மடிக்கணினியிலேயே கிடக்கும். செயலி புதுப்பிப்புக் கேட்கும், வயலில் டேட்டா வராது. அட்டையும் புதுப்பிப்பும் முதல் நாளிரவே பார்க்க வேண்டியவை. போனுக்கு வரும் அழைப்புகளையும் நிறுத்திவிட வேண்டும். திரையில் ட்ரோனுக்குப் பதிலாக மாமியின் பெயர் வந்து நின்றால் அந்த நொடியில் கை உதறும்.

2, 3: வெட்டிய வயல்

பெரும்போகம் வெட்டி முடிந்த மார்ச் மாதம் இதற்குப் பொருத்தமானது. காலை ஆறே காலிலிருந்து ஏழரை வரை காற்று அடங்கி இருக்கும். மாடுகள் தாளடி மேய இறங்குவதற்குள் இரண்டு பற்றரி முடிக்கலாம். மதகுக்கு மேலேயோ மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்திலேயோ வைத்து ஏற்றக்கூடாது. உள்ளே இருக்கும் இரும்பு திசைகாட்டியைக் குழப்பி மறுபடி அளவுதிருத்தம் கேட்கும்.

சினி மோட்டில் போட்டால் வேகம் நொடிக்கு 6 மீற்றரைத் தாண்டாது. நடுங்குகிற விரலின் சின்ன உதறலும் அங்கே பெரிதாகத் தெரியாது. ரிமோட்டைப் பெருவிரலால் மட்டும் தள்ளாமல், பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஸ்டிக்கைக் கிள்ளிப் பிடித்தால் நடுக்கம் குறையும். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும்.

பயிற்சி நாலு மூலைக்கு நாலு வைக்கோல் கட்டு, பத்து மீற்றர் சதுரம். முதலில் ட்ரோனின் பின்பக்கம் நம்மைப் பார்க்க, பிறகு இடம், வலம், கடைசியாக முகம் நம்மைப் பார்க்க. கடைசி நிலையில் இடம் வலமாகும், வலம் இடமாகும். கூட்டத்துக்கு முன்னால் பல விபத்துக்கு வேர் இந்த நிலைதான். ஒரு பற்றரி முழுவதையும் முகம் பார்க்கும் நிலைக்கே செலவழித்தது வீண் போகவில்லை.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று: குழம்பினால் இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிட வேண்டும். ஜிபிஎஸ் பிடித்திருக்கும்வரை ட்ரோன் தானே பிறேக் போட்டு அந்தரத்தில் நிற்கும். ஆனால் பதற்றத்தில் மனிதக் கை விடாது, இன்னும் இறுக்கும். அதனால் இதைத் தனியாகப் பழக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் நினைத்த நேரத்தில் கை தட்டுவார், தட்டியதும் விரல் இரண்டும் மேலே தூக்கப்பட வேண்டும். ஒரு பற்றரிக்கு இருபது தடவை. மூன்றாம் கிழமை முடிவில் கை யோசிக்காமல் விட்டது. (கண்ணாடி போட்டு முழுக் கையாட்சியில் ஓட்டும் எஃப்பிவி ட்ரோனுக்கு இது பொருந்தாது. அதில் ஸ்டிக்கை விட்டால் கீழேதான் வரும்.)

ட்ரோன் புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும் ரிட்டர்ன் டு ஹோம் வசதிக்கு வைத்த உயரம் 50 மீற்றர். தென்னையும் பனையும் இருக்கிற ஊரில் இருபது மீற்றரில் விட்டால் நேரே வட்டுக்குள் போகும். அந்தப் புறப்பட்ட இடம், அதாவது ஹோம் பொயின்ற், பதிவாகிவிட்டது என்று செயலி சொல்லும்வரை தரையை விட்டுக் கிளப்பக்கூடாது. அந்த அரை நிமிடக் காத்திருப்பை வீணாக்காமல் மூச்சை மெதுவாக வெளியே விடும் நேரமாக ஆக்கிக்கொண்டது நல்ல பலன் தந்தது.

4: ஒரு ஆள், ஓயாத கேள்வி

அதே வயல், பக்கத்தில் ஒரு கூட்டாளி. அவருடைய வேலை கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பது. என்ன விலை, எவ்வளவு தூரம் போகும், எங்கட வீடு தெரியுமா, இது விழுந்தா என்ன செய்வ. ஓட்டுபவருக்கு ஒரே பதில்தான்: "இறக்கினாப் பிறகு சொல்றன்." இந்தச் சொல் நாக்கில் ஏறிவிட வேண்டும். வயது மூத்தவருக்கு ஐயா, அம்மா சேர்க்கலாம். காத்தான்குடிப் பக்கம் என்றால் காக்கா, அதாவது அண்ணன். சிரித்த முகத்தோடு சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. கண் ட்ரோனை விட்டு விலகாமல் இருப்பதுதான் முக்கியம்.

5, 6: களுவாஞ்சிக்குடிக் கரை, காலை

இங்கேதான் இரண்டாவது நடுக்கம் உண்மையில் முகம் காட்டியது. பார்க்கிறவர்களின் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் அது பாதியாகக் குறையும்.

முதலாவது, கிணற்றடி. கரையோர வளவுகளில் கிடுகு வேலிக்குள் பெண்கள் குளிப்பார்கள். மேலே கமெரா பறந்தால் வேலியால் என்ன பயன்? இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆகவே ஊர்ப்பக்கம் முதுகு, கடல்பக்கம் முகம். ட்ரோன் தரையை விட்டதிலிருந்து இறங்கும்வரை கமெரா கிழக்கையே பார்க்கும். யாராவது கேட்டால், இறக்கியபின் திரையை அவர் கையில் கொடுத்து எடுத்த காட்சியை முழுதாக ஓடவிட வேண்டும். அழிக்கச் சொன்னால் அவர் முன்னாலேயே அழிக்க வேண்டும்.

இரண்டாவது, சத்தம். போர்க்காலத்தில் வேவு விமானத்தைத் தமிழ்ச் சனம் வண்டு என்று சொன்னது. அந்த இரைச்சல் கேட்டால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்து வளர்ந்தவர்கள் இன்றும் நம் தெருவில் இருக்கிறார்கள். நமக்கு விளையாட்டுச் சத்தம், அவர்களுக்கு அது அல்ல. ஏற்றுவதற்கு முதல் பக்கத்து வளவுகளுக்கும் கரைவலைக்காரருக்கும் போய், ட்ரோனைக் கையில் வைத்துக் காட்டி, "பத்து நிமிசம் கடலுக்கு மேலால பறக்கும், பிறகு இறக்கிருவன்" என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். முதல் நாள் ஒரு மூதாட்டி இரண்டு கையிலும் வாங்கிப் பார்த்து, "இவ்வளவு சின்னதா மனே?" என்றார். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு அந்த இடத்தில் வேண்டாம், வாதம் கிடையாது.

சத்தத்தைக் குறைக்க இன்னொரு வழி உயரம். தூரம் இரட்டிக்கும்போது சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். இரண்டு மீற்றரில் கேட்பது 32 மீற்றரில் 24 டெசிபல் குறைவு. பயந்தவர்கள் பாதுகாப்பு என்று நினைத்துத் தலைக்கு மேலே ஐந்து, பத்து மீற்றரில் வைத்துக்கொண்டே நிற்பார்கள். சத்தமும் அங்கேதான் கூட, எட்டிப் பார்ப்பது போன்ற தோற்றமும் அங்கேதான், பிள்ளைகள் ஓடி வருவதும் அதற்காகத்தான். நேராக 30 மீற்றருக்கு ஏற்றிக் கடல்பக்கம் தள்ளிவிட்டால் இரண்டு நிமிடத்தில் பாதிப்பேர் தங்கள் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒளிந்து நின்று ஓட்டுவதும் இதே வகைப் பிழை. மரத்துக்குப் பின்னால் நிற்பவனைத்தான் சனம் சந்தேகப்படும். மஞ்சள் ஒளிர் அங்கி போட்டு, திறந்த இடத்தில், முதுகுக்குப் பின்னால் ஒரு தோணியோ மதிலோ இருக்க நின்றால் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்க்கும் ஆள் இருக்காது. அந்த உணர்வு நீங்கினாலே தோள் இறங்கிவிடும்.

பறப்பை முதலே கடதாசியில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏற்று, 30 மீற்றர், கடல்பக்கம் 80 மீற்றர், இடமாக 100, திரும்பி வலமாக 100, வந்து இறக்கு. மொத்தம் ஏழு நிமிடம். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று வேகம் கூடிய ஸ்போர்ட் மோட்டில் காட்டுவதெல்லாம் இதில் இல்லை. பற்றரி 40 சதவீதத்தில் இறக்கிவிட வேண்டும். எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கிய பிறகு எவருக்கும் நிதானம் இருக்காது.

தண்ணீருக்கு மேல் பத்து மீற்றருக்குக் கீழே இறக்கக்கூடாது. அசைகிற அலையைப் பார்த்துக் கீழுணரிகள் குழம்பி, ட்ரோன் தானாக நகரும். வாவியின் கண்ணாடித் தண்ணீரும் இதைத்தான் செய்யும்.

இறக்கம்தான் மிக ஆபத்தான நேரம். பிள்ளைகள் ஓடி வருவார்கள், விசிறி விரலைக் கிழிக்கும். ஐந்து மீற்றர்க் கயிற்றை வட்டமாகப் போட்டு, கூட்டாளி பிள்ளைகளைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தும்வரை மூன்று மீற்றர் உயரத்தில் காத்து நிற்க வேண்டும். வெறும் மணலில் இறக்கினால் மணல் கிளம்பி மோட்டருக்குள் போகும், தரைவிரிப்பு கட்டாயம். கையில் பிடிப்பது கூட்டத்துக்கு முன்னால் செய்யும் வேலை அல்ல.

பருந்து வந்தால் நேராக உயரே ஏற்றுவது நல்லது. பக்கவாட்டில் ஓடினால் துரத்தும்.

7: கச்சான்

மே மாதம் கச்சான் காற்று எழும்பியதும் கணக்கு மாறியது. இது மேற்கிலிருந்து வருவது, கரையில் நின்றால் கடலை நோக்கித் தள்ளும். போகும்போது ட்ரோன் பறக்கிற வேகத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டால் திரும்பும்போது அது அசையாது. தரையில் இதமாக இருக்கும் காற்று 50 மீற்றரில் இரண்டு பங்காக இருக்கலாம். தென்னோலை ஒரே பக்கம் படுத்துக் கிடந்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம். காற்றுக்கு எதிராகவே முதல் பயணம் என்ற பொதுவிதியை இங்கே பின்பற்றினால் ஊருக்கு மேல் போக வேண்டி வரும். ஆகவே கச்சானில் கரைக்குச் சமாந்தரமாக மட்டும், 50 மீற்றருக்குள். அப்படியும் திரும்ப மறுத்தால் 15 மீற்றருக்கு இறக்கி, ஸ்போர்ட் மோட்டுக்கு மாற்றி, முகத்தைக் கரைக்குத் திருப்பி முன் ஸ்டிக் மட்டும். ரிட்டர்ன் டு ஹோமை அழுத்தினால் அது முதலில் 50 மீற்றருக்கு ஏறும், காற்று அங்கேதான் கூட.

8: ஞாயிறு பின்னேரம்

குடும்பங்கள் வந்திருந்தன, காற்று ஓரளவு இறங்கியிருந்தது. இரண்டு பறப்பு, ஒவ்வொன்றும் ஏழு நிமிடம். ஆட்களுக்கு மேல் போகவில்லை. சீருடையில் இருவர் வந்தபோது "சேர், இறக்கிட்டுக் கதைக்கிறன்" என்ற ஒரு சொல், இறக்கி மோட்டர் நின்றபின் கோப்பு. பார்த்துவிட்டு, எந்த நேரம் முடியும் என்று மட்டும் கேட்டார்கள்.

இன்னும் சரிவராதது கடைசி ஒரு மீற்றர். பறக்கும் நேரம் முழுக்கக் கை அமைதியாக இருக்கிறது, தரை நெருங்கியதும் விரல் மறுபடி இறுகுகிறது. அதற்கு இந்தக் கிழமையிலிருந்து வயலில் ஒரு பற்றரி முழுக்க இறக்கம் மட்டுமே: ஒன்றரை மீற்றருக்கு ஏற்று, மூன்று எண்ணு, இறக்கு. ஒரு பற்றரிக்கு முப்பது தடவை வருகிறது. வீடு திரும்பியதும் உலர்ந்த பெயின்ட் தூரிகையால் மோட்டர் நாலையும் துடைத்து, விசிறியை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். சரசரவென்று கேட்டால் மணல் இன்னும் உள்ளே இருக்கிறது.