கொஞ்சம் பெயின்ட் அடிச்சாப் போதும்

பழைய பயண டிரெய்லரைப் பார்க்கப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. உள்ளே நுழைந்ததும் ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்று யோசிக்கிறவர்கள் ஒரு ரகம். வண்டிக்கு அடியில் படுத்து அச்சைத் தட்டிப் பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். எங்கள் வீட்டில் ரகத்துக்கு ஒருவர். ஜன்னல் திரை என் கணவர்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு இது. 1960களில் செய்தது. "கொஞ்சம் பெயின்ட் அடிச்சாப் போதும்" என்றார் விற்றவர். "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் இவர். நான் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மூலையில் உப்பியிருந்த பிளைவுட்டை லேசாகக் குத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போனது. விற்றவர் தானாகவே விலையைக் குறைத்தார்.

இந்த மாதிரி வண்டியின் உடம்பு மெல்லிய மரச்சட்டங்களால் ஆன கூடு. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், நடுவில் கண்ணாடி நார்ப் பஞ்சு. தகடுகள் சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் அடைக்க வைத்த புட்டி (பசை மாதிரியான பூச்சு) நாளாக நாளாகக் காய்ந்து வெடித்துவிடும். அந்த வெடிப்பில் இறங்கும் மழைத்தண்ணீர் சத்தமில்லாமல் சட்டத்தை ஊறவைத்துக்கொண்டே தரை வரை போகும். உள்சுவரில் ஒரு கறை தெரிகிறதென்றால், தெரியாத பக்கத்தில் மரம் உளுத்துப் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆக, பிளைவுட்டைக் கழற்றினோம். சட்டத்தை மாற்ற வேண்டும் என்று தெரிந்தது. அதற்குத் தகட்டைக் கழற்ற வேண்டும். தகட்டைக் கழற்ற ஜன்னல், விளக்கு, ஓரப்பட்டை எல்லாம் வர வேண்டும். பெயின்ட் டப்பா மூடியபடியே இருந்தது.

ஸ்க்ரூக்களாவது ஒழுங்காக இருந்ததா? அந்தக் காலத்து டிரெய்லர்களில் 'கிளட்ச் ஹெட்' என்று ஒரு வகை உண்டு. தலையில் 'போ டை' (கோட்டுக்குக் கழுத்தில் கட்டும் பட்டாம்பூச்சி முடிச்சு) வடிவத்தில் பள்ளம். வீட்டில் இருக்கும் எந்த ஸ்க்ரூடிரைவரும் அதில் உட்காராது. இவர் எல்லாவற்றையும் முயன்று பார்த்தார், சமையலறைக் கத்தி உட்பட. சரியான பிட் வந்து சேர்ந்தபோது அவர் கைபட்டவை மட்டும் பள்ளமே இல்லாமல் மொழுக்கென்று ஆகியிருந்தன. அவற்றுக்கு டிரில்தான்.

பஞ்சுக்குள் எலிக்கூடு. எலிப்புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது. தூசியோடு நோய்க்கிருமியும் மூக்கில் ஏறும். கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டு, மாஸ்க்கும் கையுறையும் போட்டுத் துடைத்தெடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது பார்த்தால், கூடு முழுக்கப் பழைய ஜன்னல் திரையின் கந்தல். "பாத்தியா, எலிகூட முதல்ல திரைச்சீலையைத்தான் கவனிச்சிருக்கு" என்றார்.

டயர் தேயவே இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். டயரின் பக்கச் சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், அது செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். எங்கள் டயரில் மூன்றுதான் இருந்தது. மூன்று இலக்கம் என்றால் 2000க்கு முன்னால் செய்தது. "அப்ப இது பழம்பொருள், விலை ஏறுமே" என்றார். புது டயர் போட்டோம்.

சட்டம் மாற்றி, பழைய புட்டிக்குப் பதில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்துத் தகட்டை மூடினோம். உள்சுவர் அடிப்பதற்கு முன் ஒழுகுகிறதா என்று பார்ப்பது முக்கியம். கீழிருந்து மேலாக ஒவ்வொரு இணைப்பாக ஹோஸால் நனைக்க வேண்டும். மேலேயே ஆரம்பித்தால் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நான் உள்ளே டார்ச்சோடு, அவர் வெளியே ஹோஸோடு. நேராகக் கூரைக்குப் போய்விட்டார். அலுமினியத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் என் "நிறுத்துங்க" அவர் காதில் விழவே இல்லை. கூரை ஜன்னல் வழியாக முழுசாக நனைந்து, கதவைத் திறந்து வாசலில் நின்றேன். மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "அப்ப ஒழுகுது" என்றார்.

இப்படியாக ஒருவழியாக வண்டி கிளம்பியது. இழுப்பதில் ஒரு கணக்கு உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், காரோடு மாட்டும் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் வண்டி வாலாட்ட ஆரம்பிக்கும். அதனால் பின்னால் இவர் அடுக்கியிருந்த பெட்டிகள் எல்லாம் முன்னுக்கு வந்தன.

ரிவர்ஸ் எடுப்பதுதான் தம்பதிகளுக்கு உண்மையான பரீட்சை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறுபக்கம் போகும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்புறமும் போகும். அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு நான் பின்னால் போய் நின்றேன். "இந்தப் பக்கம்" என்ற சொல்லை இருவரும் பயன்படுத்தக் கூடாது என்று முதலிலேயே ஒப்பந்தம்.

மனிதர் பிரமாதப்படுத்திவிட்டார். ஒரே வளைவு, சுவரை ஒட்டி நூல் பிடித்த மாதிரி உள்ளே போய் நின்றது. இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எப்படி?" என்றார். நான் பாதியிலேயே கவனித்துவிட்டேன். ஆனால் அவ்வளவு அழகாக ஓட்டிக்கொண்டிருந்தவரை நிறுத்த மனசு வரவில்லை.

"அருமைங்க. கதவு மட்டும் சுவர்ப் பக்கம் இருக்கு."