மகன் பதிந்திருக்கிறானா?

"அதிகமா ஒண்ணும் கேக்கலம்மா. அவன் உங்ககிட்ட பதிஞ்சிருக்கானா, இல்லையா? அது மட்டும் சொல்லுங்க போதும்."

"அதைச் சொல்ல முடியாது ஆன்ட்டி."

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில், சிறப்புக் கல்வித் தேவை உள்ள மாணவர்கள் பதிந்துகொண்டு உதவி பெறும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அழைத்தவர் ஒரு மாணவனின் அம்மா. அலுவலகத் தொலைபேசியில் யாரையும் ஆன்ட்டி என்று கூப்பிடுவது என் வழக்கமில்லை. ஆங்கிலத்தில் தொடங்கியவர், என் பெயரைக் கேட்டதும் "தமிழாம்மா நீங்க?" என்று மாறினார். அப்புறம் அந்தச் சொல் தானாக வாயில் வந்துவிட்டது. அதற்கு முன்னாலேயே முடியாது என்று சொல்லியிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காதோ என்னவோ.

விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். பையன் பதிந்திருந்தானா என்பதை உங்களுக்கும் சொல்லப் போவதில்லை.

விதியில் குழப்பமே இல்லை. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை விட்டுவிடுங்கள், பொதுப்புத்தியே போதும். தேசிய சேவையில் இரண்டு வருடம் துப்பாக்கி தூக்கிவிட்டு வந்தவனைப் பற்றி அவனைக் கேட்காமல் அவன் அம்மாவிடம் பேசுவது எப்படி நியாயம்? எங்களிடம் வரும் பிள்ளைகள் சேர்க்கைப் படிவத்தை எப்படி நிரப்புகிறார்கள் என்று பார்த்தால் இன்னும் புரியும். அவசரத் தொடர்பு என்ற கட்டத்தில் பெற்றோர் பெயரை எழுதிவிட்டு, அடித்துவிட்டு, அறைத்தோழன் எண்ணைப் போடுவார்கள். எந்தெந்த விரிவுரையாளருக்குத் தெரிவிக்கலாம் என்ற பகுதியில் பேனா அப்படியே நிற்கும். "என்ன பிரச்சினைன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பார்கள். தெரியாது. தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 15 நிமிடம் கூடுதல், தனி அறை, இவ்வளவுதான் கடிதத்தில் போகும். காரணம் போகாது. அதைக் கேட்ட பிறகுதான் கையெழுத்து விழும்.

அப்படியிருக்க, தொலைபேசியில் ஒரு குரலுக்கு நான் எப்படிச் சொல்வேன்?

ஆனால் அந்தக் குரல் சும்மா வந்த குரலும் இல்லை. பையன் தொடக்கநிலை இரண்டில் இருக்கும்போது டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் குறைபாடு, என்று தெரிந்திருக்கிறது. சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கத்தின் வகுப்புக்குப் பேருந்து மாறி மாறிக் கூட்டிப் போனது இவர். தொடக்கப்பள்ளி இறுதியில் வரும் பிஎஸ்எல்இ தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்டுப் பள்ளிக்கு நடந்தது இவர். "தமிழ்ல இருந்து விலக்கு வாங்கறதுக்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்மா. இப்ப வாட்ஸ்ஆப்புல அவன் அத்தைங்க தமிழ்ல ஏதாவது அனுப்பினா, என்கிட்டதான் போனை நீட்டுவான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளியில் எல்லாம் பெற்றோரும் ஆசிரியரும் பார்த்துக்கொள்வார்கள். தேர்வு வாரியத்துக்குப் பள்ளியே விண்ணப்பிக்கும், பிள்ளை வாயே திறக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தில் பிள்ளைதான் வர வேண்டும், சொல்ல வேண்டும், மதிப்பீட்டு அறிக்கையை இணைக்க வேண்டும், கெடு தேதி தவறக் கூடாது. படிவம் படிப்பதும் தேதியை நினைவில் வைப்பதுமே யாருக்குச் சிரமமோ, அவர்களுக்குத்தான் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறோம். கல்வி அமைச்சின் சிறப்புக் கல்வித் தேவைகள் நிதி 2014இல் பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கும் வந்தது, பிறகு பல்கலைக்கழகங்களையும் எட்டியது. வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கெல்லாம் இன்று வழி இருக்கிறது. ஆனால் கதவைத் தட்டினால்தான்.

நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது இதையெல்லாம்கூட இல்லை. முடியாது என்று சொன்னதற்கு அடுத்த நொடியை. "அப்ப வரல. அப்படித்தானே?" என்றார். நான் பேசவில்லை. ஆம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. எந்தப் பெற்றோர் கேட்டாலும் அப்படித்தான் நிறுத்தியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருந்தாலும் அந்த இடைவெளியில் அவர் ஏதோ ஒரு பதிலை எடுத்துக்கொண்டார். என்ன பதில் என்று எனக்குத் தெரியாது. சரியான பதிலாக இருந்தால், நான் வாயைத் திறக்காமலே காட்டிக்கொடுத்திருக்கிறேன். தவறானதாக இருந்தால், ஒரு தாயை வீணாகக் கலங்கவிட்டிருக்கிறேன். இதில் எது மேல்?

பிறகு பொதுவாகச் சொல்லக்கூடியதையெல்லாம் சொன்னேன்: அலுவலகம் எந்தக் கட்டடத்தில், எப்போது திறந்திருக்கும், பழைய அறிக்கை இருந்தால் கொண்டு வரலாம். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வைக்கும் முன் ஒன்று கேட்டார்: "இதெல்லாம் அவன் டிகிரி சர்டிபிகேட்ல வருமா? வேலைக்குப் போற இடத்துல தெரிஞ்சிடுமா?"

வராது, தெரியாது என்றேன். "அதான் நல்லது. யாருக்கும் சொல்லிடாதீங்க" என்றார். அந்த 'யாருக்கும்' என்பதில் தானும் அடக்கம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை! அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. வேலையிடத்தில் உடற்குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டமே 2025 ஜனவரியில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதிலும் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு முதலில் விலக்கு.

மூத்த சக ஊழியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது "சரியாத்தானே செஞ்சே, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். அவர் சொன்ன உதாரணமும் எனக்குத் தெரிந்ததுதான். அம்மா கூடவே வந்து, எல்லாக் கேள்விக்கும் அம்மாவே பதில் சொல்ல, பக்கத்தில் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை. அதைக் கேட்டதும் மனம் கொஞ்சம் ஆறியது. ஆனால் அப்பாவின் நச்சரிப்பு தாங்காமல் மட்டுமே வந்து, பட்டம் வாங்கிப் போன ஒருவனும் உடனே நினைவுக்கு வந்தான்.

இப்போதெல்லாம் பெற்றோர் அழைத்தால் அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "பிள்ளை பதிஞ்சிருந்தாலும் பதியாட்டியும் நான் சொல்ற பதில் ஒண்ணுதான், தப்பா எடுத்துக்காதீங்க." மௌனத்துக்கு இடமில்லை, யாரும் எதையும் ஊகிக்க முடியாது. நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு அப்பா முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப நாங்க எதுக்கும்மா இருக்கோம்?" என்றார். பிள்ளையிடம் நீங்களே நேரடியாகக் கேட்டுப் பாருங்கள் என்றேன். "கேட்டா சொல்றவனா இருந்தா உங்களுக்கு ஏன் போன் பண்றேன்" என்றார்.