ஈ6 கட்டத்தில் ஒரு குதிரை

செஸ் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஓப்பனிங் சொல்லித் தருவீர்கள் சார்?" என்பதுதான். ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள். பிள்ளைகளும் அப்படியே வளர்கிறார்கள். கும்பகோணத்தில் என் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் கூடும் மாணவர்களில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சிசிலியன் நஜ்டார்ஃப் என்ற ஓப்பனிங்கை மளமளவென்று ஒப்பிப்பான். ராஜாவும் ஒரு சிப்பாயும் மட்டும் மிஞ்சிய நிலையில் எந்தப் பக்கம் நகர்வது என்று கேட்டால் விழிப்பான். ஓப்பனிங் தனி, காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான எண்ட்கேம் தனி, மேதைகளின் ஆட்டங்கள் தனி என்று பாடத்தைக் கூறுபோட்டதன் விளைவு இது. மூன்றையும் ஒரே ஆட்டத்தில் கற்க முடியும். அதற்காக நான் எப்போதும் எடுப்பது, 1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அப்போதைய உலக சாம்பியன் லாஸ்கர், வெள்ளைக் காய்களோடு, கியூபாவின் கபாபிளாங்காவை வென்ற ஆட்டம்.

ரூய் லோபஸ் என்ற ஓப்பனிங்கில் எக்ஸ்சேஞ்ச் (காய்ப் பரிமாற்ற) வகை அது. நான்காவது நகர்விலேயே வெள்ளை தன் மந்திரியை (பிஷப்) கொடுத்து சி6-இல் (சி வரிசையில் ஆறாவது கட்டம்) உள்ள குதிரையை வெட்டிவிடுகிறது. ஏழாவது நகர்வுக்குள் ராணிகளும் போய்விடுகின்றன. இந்த இடத்தில் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ராஜாக்களையும் சிப்பாய்களையும் தவிர எல்லாக் காய்களையும் பலகையிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். இரண்டு பக்கமும் ஏழு ஏழு சிப்பாய்கள். "சமம்தானே சார்?" என்பார்கள். "விளையாடிப் பாருங்கள்" என்று விட்டுவிடுவேன்.

விளையாட விளையாடத்தான் உண்மை தெரியும். ராஜா பக்கம் வெள்ளைக்கு நான்கு, கறுப்புக்கு மூன்று. வெள்ளை நிதானமாக முன்னேறினால், எதிரில் தடுக்க ஆளில்லாத சிப்பாய் ஒன்று பிறக்கும். மறுபக்கம் கறுப்புக்கு நான்கு, வெள்ளைக்கு மூன்று. ஆனால் அந்த நான்கில் இரண்டு ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. வெள்ளை கவனமாக இருந்தால் அங்கிருந்து ஒன்றும் பிறக்காது. பக்கம் மாற்றி மாற்றி ஆடியபின், நான்காவது நகர்வில் மந்திரியை ஏன் கொடுத்தார்கள் என்று அந்தப் பையனே மற்றவர்களுக்கு விளக்கினான். கறுப்பு ஏன் தன் இரண்டு மந்திரிகளையும் விடாமல் காப்பாற்ற வேண்டும், வெள்ளைக்கு ஏன் காய்கள் குறையக் குறைய லாபம் என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. ஓப்பனிங்கை இப்படிப் புரிந்துகொண்டவன், எதிராளி புத்தகத்தில் இல்லாத நகர்வை ஆடினாலும் திகைக்க மாட்டான்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் சிப்பாய் எண்ட்கேமில்தான். பதினான்காவது ஆட்டம், 55-ஆவது நகர்வு. அதுவரை சாம்பியனாக இருந்த டிங் லிரென் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானைகளை வெட்டிக்கொண்டு, மந்திரியை டி5-இல் வைத்து அதையும் மாற்றிக்கொள்ளும்படி செய்தார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும், குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். உலகப் பட்டத்தை முடிவுசெய்த அந்தக் கணக்கைத் திண்ணையில் உட்கார்ந்து போட்டுப் பார்க்க முடியும் என்பதே பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய பேறு!

லாஸ்கரின் ஆட்டத்துக்கு வருகிறேன். விளக்கக் குறிப்புகளோடு ஆட்டத்தைப் படிக்கும்போது, அடுத்த நகர்வை ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ள வேண்டும். நாமே ஒரு நகர்வைத் தேர்ந்து, காரணத்தை எழுதிய பிறகே அட்டையை இறக்க வேண்டும். குறிப்பை முதலில் படித்துவிட்டால் எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றும், ஒன்றும் ஒட்டாது.

பன்னிரண்டாவது நகர்வில் லாஸ்கர் சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளுகிறார். அட்டையை இறக்கியதும் திண்ணையில் எதிர்ப்புக் கிளம்பும். "ஈ5 கட்டத்தை எதிராளிக்குக் கொடுத்துவிட்டாரே! ஈ4 சிப்பாய்க்கு இனித் துணைச் சிப்பாய் இல்லையே!" நியாயமான கேள்விகள்தான். பதில் நான்கு நகர்வு தள்ளி வருகிறது. பதினாறாவது நகர்வில் வெள்ளைக் குதிரை ஈ6-இல் போய் உட்காருகிறது. எஃப்5 சிப்பாய் அதற்குக் காவல். விரட்ட கறுப்பிடம் சிப்பாய் இல்லை. எதிராளியின் வீட்டு நடுக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்ததுபோல் அது அங்கேயே கிடக்க, கபாபிளாங்காவின் யானைகளுக்கு மூச்சுமுட்டுகிறது.

எனக்கு மிகப் பிடித்தது 35-ஆவது நகர்வு. ஈ4-இல் இருந்த சிப்பாயை ஈ5-க்குத் தள்ளிப் பலி கொடுக்கிறார். எதற்கு? காலியான ஈ4-இல் இரண்டாவது குதிரை வந்து நிற்பதற்கு. பலவீனம் என்று நாம் குறை சொன்ன அதே சிப்பாய்! நான் எத்தனையோ முறை பார்த்த ஆட்டம், இந்த இடத்தில் இன்றும் நிமிர்ந்து உட்காருகிறேன். போட்டியில் அதுவரை முன்னணியில் இருந்த கபாபிளாங்கா இந்த ஆட்டத்தில் தோற்றார். முடிவில் லாஸ்கர் அரைப் புள்ளி வித்தியாசத்தில் முதலிடம் பிடித்தார்.

இன்னொன்றையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். வெள்ளைக்குச் சாதகம் என்று நாம் கணக்கிட்ட சிப்பாய் எண்ட்கேம் இதில் வரவே இல்லை. பதினான்காவது நகர்வில் டி6-இல் நடந்த மந்திரிப் பரிமாற்றத்தோடு கறுப்பின் இரட்டைச் சிப்பாயும் பிரிந்துவிட்டது. லாஸ்கர் உடனே வேறு லாபத்தைத் தேடிப் போனார். விதியைத் தெரிந்துகொள்வதும் அதை எப்போது விடுவது என்று தெரிந்துகொள்வதும் ஒரே ஆட்டத்தில் கிடைக்கின்றன.

அடுத்த ஞாயிறு, 1966 ஹவானா ஒலிம்பியாடில் இதே வகையில் அமெரிக்காவின் ஃபிஷர் ஹங்கேரியின் போர்ட்டிஷை வென்ற ஆட்டம். ஃபிஷர் ஐந்தாவது நகர்வில் சிப்பாயை டி4-க்குத் தள்ளாமல் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்கிறார். ஏன் என்பதை வீட்டிலேயே யோசித்து எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். கணினியைக் கேட்காமல்.