மாடியறையில் 760 ஆட்டங்கள்

செஸ் ஆடும் நிரல்களை எஞ்சின் என்பார்கள். அவற்றில் பெரிய ஆட்களான ஸ்டாக்ஃபிஷையும் லீலாவையும் மோதவிட்டுப் பார்க்க டி.சி.இ.சி. என்ற போட்டி இருக்கிறது. 2010 முதல் பெரிய கணினிகளில் அதை நடத்துகிறார்கள். பாளையங்கோட்டையில் என் மாடியறையில் ஓடுவது வேறு மாதிரிப் போட்டி. கல்லூரிப் பையன்கள் தனியாளாக எழுதிய சின்ன எஞ்சின்களும் சில பழைய புலிகளும் சேர்த்து 20 பேர். பழையவர்களில் ஒன்று ராபர்ட் ஹயட்டின் க்ராஃப்டி. 1983இலும் 1986இலும் உலகக் கணினி செஸ் பட்டம் வென்ற க்ரே பிளிட்ஸின் வாரிசு அது. இன்னொன்று ஃப்ரூட் 2.1. இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் அதன் சாயல் உண்டு.

ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் 4 ஆட்டம், மொத்தம் 760. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்றாலும் ராப்பகலாக ஓடினால் 32 நாள் ஆகும்.

"மனுஷனே ஆடல, இதுல என்னவே இருக்கு?" என்று கீழ்வீட்டு அண்ணாச்சி கேட்டார்.

"எழுதினவனுக்கு இருக்கு அண்ணாச்சி. போன தடவைய விட தேறியிருக்கான்னு அவனுக்கு வேற எப்படித் தெரியும்?" என்றேன்.

ஆனால் ஒரே சீசனில் அது தெரியாது. ஓர் எஞ்சினுக்கு 76 ஆட்டம்தான் கிடைக்கிறது. அதில் வரும் எலோ, அதாவது ஆட்டத் திறனைச் சொல்லும் எண், 60 புள்ளி வரை மேலே கீழே இருக்கலாம். அந்தத் தடுமாற்றத்தைப் பாதியாக்க ஆட்டங்களை நாலு மடங்காக்க வேண்டும். அதனால்தான் பழைய சீசன்களின் முடிவுகளையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறேன். அப்படிச் சேர்க்க வேண்டுமானால் எல்லா சீசனும் ஒரே நிலைமையில் நடந்திருக்க வேண்டும்.

நம்ம ஊரில் அதுதான் பெரிய வேலை. அக்னி நட்சத்திர வெயிலில் மதியம் பிராசசர் சூடேறி வேகம் குறையும். ஆனியில் சாரல் காற்று வந்ததும் அதே கணினி துள்ளிக்கொண்டு ஓடும். அதனால் பிராசசர் தானாக வேகம் கூட்டிக்கொள்ளும் டர்போவை அணைத்து, வேகத்தை ஒரே அளவில் பூட்டிவிட்டேன். கரண்ட் போய் ஆட்டம் பாதியில் நின்றால், விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டேன். எஞ்சின் ஹாஷ் என்னும் தற்காலிக நினைவகத்தில் சேர்த்து வைத்த கணக்கெல்லாம் போயிருக்கும். முதல் நகர்த்தலிலிருந்து திரும்ப ஆடட்டும். ஓப்பனிங்கை, அதாவது தொடக்க நகர்த்தல்களை, நான் கொடுப்பேன்; அதே ஓப்பனிங்கை இருவரும் வெள்ளையில் ஒருமுறை, கறுப்பில் ஒருமுறை ஆட வேண்டும்.

அப்புறம், தீர்ப்பு. நேரத்தை மிச்சப்படுத்த, ஒரு பக்கம் 5 புள்ளிக்கு மேல் (ஏறக்குறைய ஐந்து சிப்பாய் அளவு) முன்னிலை என்று இரண்டு எஞ்சினும் காட்டினால் அந்தப் பக்கத்துக்கு வெற்றி என்று முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பலகையில் ஐந்து காய்கள் வரை மிஞ்சும் நிலைகளுக்கெல்லாம் சரியான முடிவை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் சிசிஜி அட்டவணை ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது, அது சொல்வதைத்தான் ஏற்பேன்.

இந்த சீசனில் ஓர் ஆட்டம். வெள்ளையிடம் ராஜா, வெள்ளைக் கட்டங்களில் போகும் பிஷப், எச் வரிசையில் ஒரு சிப்பாய். கறுப்பிடம் ராஜா மட்டும், அந்த சிப்பாய் ராணியாக வேண்டிய எச்8 மூலையில். அது கறுப்புக் கட்டம். அந்த பிஷப்பால் அங்கே தாக்கவே முடியாது, ராஜாவை விரட்டவும் முடியாது. சுத்தமான டிரா. திரையிலோ இரண்டு எஞ்சினும் வெள்ளைக்கு 5 புள்ளிக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தன. திரையில் காட்டியதை நம்பியிருந்தால் கறுப்புக்கு நியாயமாகச் சேர வேண்டிய அரைப் புள்ளி போயிருக்கும்.

வெள்ளையாக ஆடிய எஞ்சினை எழுதிய தம்பிக்கு அந்த ஆட்டத்தை அன்றே அனுப்பிவைத்தேன். இரண்டே நாளில் அதைச் சரிசெய்து புதுப் பதிப்பு அனுப்பிவிட்டான். சீசன் நடுவில் யாரையும் மாற்றுவதில்லை, அடுத்த சீசனில் அதுதான் ஆடும்.