கோபத்துக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு

மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நின்றுபோகும் பருவம் என்றால் உடம்பு தகதகவென்று காயும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். 47 வயதில் எனக்கு முதலில் வந்தது கோபம். குழம்பில் உப்பு கம்மி என்று மகன் சொன்னதற்குக் கரண்டியைத் தொட்டியில் வீசினேன்; அவன் பேசாமல் தட்டைக் கழுவுவதைப் பார்த்ததும் அழுகை. "எல்லாருக்கும் வர்றதுதானே, இதுக்கெல்லாம் டாக்டரா?" என்றார் நாத்தனார்.

அப்புறம்தான் மாதவிடாய்க் குளறுபடி. இரண்டு மாதம் வராது. வந்தால் பத்து நாள் கொட்டும். ஒரு நர்சிங் ஹோமில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு நார்க்கட்டி. "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டா நிம்மதி" என்றார் டாக்டர். என் கணவர் உடனே இன்ஷூரன்ஸ் அட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று ஃபைலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். ஓபி வரிசையிலேயே காலை போய்விடும், தயாராகப் போங்கள். அங்கிருந்த லேடி டாக்டர் முதலில் கேட்டது, "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். தைராய்டு கோளாறிலும் இதே படபடப்பு, அழுகை வருமாம். 45 வயதுக்கு மேல் இப்படிக் கொட்டினால் கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்களாம். சுருக்கென்று வலித்தது. சவ்வில் பயப்பட ஒன்றுமில்லை, தைராய்டும் சரி. 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின்தான் 8.4. மூச்சு வாங்கியதும் எரிச்சலும் பாதி அதனால்தான்.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருஷங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறையாமல் ஏறி ஏறி இறங்கும், தூக்கமும் மனசும் கூடவே ஆடும் என்றார். சினைப்பையை எடுத்தால் அத்தனையும் ஒரே நாளில் வந்து நிற்குமாம். இரும்புச்சத்து மாத்திரை, கொட்டும் நாட்களுக்குத் தனி மாத்திரை. டீ குடித்த கையோடு இரும்பு மாத்திரை போடக்கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பதறவும் வேண்டாம்.

மனநலப் பிரிவுக்கும் எழுதிக் கொடுத்தார். எனக்கென்ன பைத்தியமா என்று முறைத்துக்கொண்டுதான் போனேன். அங்கே கொடுத்த மனச்சோர்வு மாத்திரை, அப்புறம் வந்த உடம்புச் சூட்டையும் குறைத்தது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

தினசரிக் காலண்டரில் ரத்தப்போக்கு நாளுக்குச் சிவப்பு, தூங்காத இரவுக்கு நீலம் என்று குறிக்கச் சொன்னார்கள். வீட்டில் சண்டை நடந்ததெல்லாம் நீலத்துக்கு மறுநாள்தான் என்று கண்டுபிடித்தவர் என் கணவர். நீலம் விழுந்தால் காலைச் சமையல் இப்போது அவருடையது. உப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சில மாதங்களாக மாதவிடாய் இல்லை. சேர்ந்தாற்போல் 12 மாதம் வராமலிருந்தால்தான் மெனோபாஸ் என்பார்கள். நடுவில் வந்தால் கணக்கு முதலிலிருந்து. அந்த 12 மாதம் முடிந்த பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே வரச் சொல்லியிருக்கிறார் லேடி டாக்டர்.